தேர்வாளரின் தலையில் ஏழாம் அத்தியாயம்

விருந்தாளியின் முன்னால் தன் அறிவைக் காட்டிக்கொள்ள ஒரு குடும்பம் தீர்மானிக்கும் நாளில்தான் அந்த வீட்டுக் குழாய்கள் உண்மை பேசத் தொடங்குகின்றன. மற்ற நாட்களில் அவை நம்மைப் போலவே சுவருக்குள் ஒடுங்கி, அங்கங்கே சிறிது கசிந்து, பெரும்பாலும் ஒத்துப்போய் வாழ்கின்றன. இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. மைசூரு விஜயநகரில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில், முனைவர் பட்டத்துக்கு மிக அருகில் நின்றபோது கற்றுக்கொண்டேன்.

நீரில் மிக நுண்ணிய துகள்களைக் கலந்தால் அந்த நீர் வெப்பத்தை எவ்வாறு ஏந்திச் செல்லும், எவ்வாறு ஓடும் என்பதே என் ஆய்வு. துகள் என்றதும் மணலையோ மாவையோ நினைத்துவிட வேண்டாம். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அவற்றை அடுக்கலாம். ("கண்ணுக்கே தெரியாததையா அம்மிணி இத்தனை வருஷமாத் தேடிட்டிருக்கற?" என்று அம்மா கேட்பார். ஹனூரிலிருந்து மைசூருக்குக் குடிவந்து பல ஆண்டுகளாகியும் அவர் பேச்சு மட்டும் இன்னும் பேருந்து ஏறவில்லை.) நான் எடுத்துக்கொண்டவை கரித் துகள்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படிந்துவிடாமலிருக்க மரப்பிசின் சேர்ப்பேன். கரி, பிசின், நீர். இம்மூன்றையும் கலந்தால் என்ன கிடைக்கும் என்று எழுதப் படித்த எந்தச் சமூகத்தைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். எனக்கு மட்டும் அது 'நானோ பாய்மம்' என்ற பெயரில்தான் அறிமுகம்.

அந்தக் கறுப்பு நீரை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதை இப்போது நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆய்வகத்துச் சன்னலருகே கண்ணாடிக் குடுவையை வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பேன். உள்ளே எதுவும் அசைவதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு துகளும் நீர் மூலக்கூறுகள் இடித்த பக்கமெல்லாம் அலைந்துகொண்டே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஓயாத நடை, போய்ச் சேர ஓர் ஊர் இல்லாத நடை. ஒவ்வொன்றும் கையில் ஒரு துளி வெயிலை ஏந்தி இருளுக்குள் ஊர்வலம் போவதாக எனக்குத் தோன்றும். பின்னாலிருந்து யாராவது, "மேடம், அந்தக் குடுவை எனக்கு வேணும்" என்பார்கள். ஊர்வலம் கலைந்துவிடும்.

வாய்மொழித் தேர்வு தசரா விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாளில் அமைந்தது. தசராவின்போது மைசூரில் ஒரு விடுதி அறை கிடைப்பதைவிட அரண்மனையில் ஓர் அறை கிடைப்பது எளிது. திருச்சியிலிருந்து வரவேண்டிய புறத் தேர்வாளருக்குப் பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்திலும் இடமில்லை. என் நெறியாளரான மேடத்தின் வீட்டில் உறவினர் கூட்டம் ஏற்கெனவே கூடத்தில் பாய் விரித்துவிட்டது. ஆகவே தேர்வுக்கு நிற்கிறவளின் வீட்டிலேயே தேர்வு வைக்கிறவர் தங்க நேர்ந்தது. (விதிகளில் இதற்கு இடமுண்டா என்று கேட்காதீர்கள். விதிகளை எழுதியவர்கள் தசராவுக்கு அறை தேடியிருக்கமாட்டார்கள்.)

மேடம் தொலைபேசியில் ஒரே ஒரு குறிப்புத் தந்தார். பேராசிரியர் மிகவும் எளிமையானவர். உணவில் பிடிவாதம் கிடையாது. விடியுமுன் எழுந்து குளிப்பார். வாளி நிறைய பிஸி நீரு இருந்தால் சாக்கு.

வெந்நீர் போதும். அந்தச் சொற்கள் என் காதில் விழுந்த விதத்தை என்னவென்று சொல்வது? வெந்நீரைப் பற்றித்தான் நான் ஓர் ஆய்வேடே எழுதியிருந்தேன்.

எங்கள் மாடியில் ஒரு சோலார் இருந்தது. மைசூரில் 'சோலார்' என்றால் மின்சாரம் அல்ல, வெந்நீர். ஊரின் மாடிகளெல்லாம் தெற்கே முகம் திருப்பி வரிசையாக வெயில் காய்வதை விடியலில் பார்த்தால், ஏதோ மௌனமான பிரார்த்தனையின் நடுவே வந்து நிற்பதுபோலிருக்கும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம் என்பதால், வாங்கும்போதே உள்ளே சுருள் வைத்த வகையைப் பார்த்து வாங்கியிருந்தார் அப்பா. வெயிலில் காய்கிற பலகைக்குள் ஒரு நீர் தனியே சுற்றும். அது தொட்டிக்குள்ளிருக்கும் சுருள் வழியே ஓடி, நாம் குளிக்கும் நீரைத் தொடாமலே சூடாக்கும். இரண்டு நீரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல: சுவர் ஒன்று, புழக்கம் வேறு.

அந்தச் சுற்றும் நீரை வடித்துவிட்டு, அதன் இடத்தில் என் கறுப்பு நீரை ஊற்றினால்? தேர்வாளர் என் ஆய்வின் வெப்பத்தில் குளிப்பார். இட்லிக்கு உட்காரும்போது, "வெந்நீர் எப்படி இருந்தது சார்?" என்று சாதாரணமாகக் கேட்பேன். "அருமை" என்பார். அதன்பிறகு, மிகுந்த அடக்கத்துடன், மாடியை நோக்கி விரல் நீட்டுவேன். அந்த விரல் எந்தக் கோணத்தில் நீள வேண்டும் என்பதுவரை ஒத்திகை பார்த்தேன்.

பேராசிரியர் வருவதற்கு இருந்த நாளின் காலையில், ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த கேன்களோடு மாடிக்குப் போனேன். வால்வுகளை மூடி, பழைய நீரை வடித்து, மேலே இருந்த புனல் வழியாக ஊற்றினேன். ஆய்வகத்தில் நான் சேர்த்ததெல்லாம் சிட்டிகை அளவு கரி. வீட்டில், விருந்தாளிக்கு நெய் விடுகிற தாராளத்தோடு கலந்திருந்தேன். வால்வைத் திறந்ததும் குழாய்க்குள் நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. புனலிலிருந்த கறுப்பு சட்டென்று கீழே இறங்கியது. மேலும் ஊற்றினேன், இறங்கியது. மீண்டும் ஊற்றினேன்.

கொள்ளவேண்டிய அளவைவிட அதிகமாகக் கொள்கிறதே என்று ஒரு நல்ல ஆய்வாளர் அங்கே நின்று யோசித்திருப்பார். நானோ, "எவ்வளவு தாகம்!" என்று எண்ணி நெகிழ்ந்தேன். சாமுண்டி மலைமேல் மேகநிழல் ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி கடைசிக் கேனையும் கவிழ்த்தேன். பிறகு கீழே வந்து, விருந்தாளி குளிக்கும்வரை சோலார் குழாயை யாரும் திறக்கக்கூடாது என்று ஆணை பிறப்பித்தேன். அதாவது, இந்தப் பேரழிவை முன்கூட்டியே கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியையும் நானே அடைத்தேன்.

பேராசிரியர் மாலையில் வந்தார். மெலிந்த உருவம், தும்பைப்பூப் போன்ற வெண்முடி, அதே வெண்மையில் சிறு தாடி. துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த படத்தில் இருந்ததைவிட இன்னும் சாந்தமான முகம். இரவு உணவின்போது அந்தச் சாந்தம் மாறாமலே என் ஆய்வேட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"ஆய்வேடு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஏழாம் அத்தியாயத்துல எனக்கு ஒரு சந்தேகம். கண்ணாடிக் குடுவையில உங்க துகள் மிதக்கும். வெளியில, நாலு வீட்டுக் குழாயில, உப்புத் தண்ணியோட சேர்ந்தா மிதக்குமா? படிஞ்சிரும்னு நினைக்கிறேன். அதுக்கு நீங்க நாளைக்குச் சரியான ஆதாரம் காட்டணும். இல்லேன்னா அந்த அத்தியாயத்தைத் திரும்பச் செய்யச் சொல்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

திரும்பச் செய்வதென்றால் இன்னும் ஓர் ஆண்டு. என் உதவித்தொகை முடிந்துவிட்டது. ஆய்வகத்தில் என் மேசையை வேறொரு மாணவிக்குக் கொடுத்துவிட்டார்கள். உப்பு நீரில் நான் சோதித்ததே இல்லை.

"இன்னொரு தோசை வெக்கட்டுங்களா?" என்றார் அம்மா. இந்த உலகின் எல்லாச் சிக்கல்களுக்கும் அவரிடமிருந்த ஒரே கேள்வி அது.

விடியலில் குளியலறைக் கதவு மூடும் ஓசை கேட்டது. எங்கள் குளியலறையில் கரும்பச்சை ஓடுகள், கருநீல வாளி, மங்கிய மஞ்சள் விளக்கு. பேராசிரியரின் கண்ணாடியோ அவருடைய அறை மேசைமேல் இருந்தது. நீர் விழும் ஓசையைச் சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செம்பும் எனக்கு ஒரு கைதட்டல் போலிருந்தது. அவர் ஏன் இவ்வளவு அவசரமாகக் குளிக்கிறார் என்று மட்டும் ஒரு கணம் தோன்றியது.

சற்று நேரத்தில், இட்லித் தட்டோடு கூடத்துக்குப் போன அம்மா போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"ஏனுங், இங்க வாங்க" என்றார் அப்பாவிடம், அடிக்குரலில். "நேத்து வந்தவரு எங்கீங்க? அங்க வேற யாரோ உக்காந்திருக்கறாரு."

அப்பா திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார். "அவருதான். மூக்கு அதே மூக்குதான்."

"முடி கருகருன்னு இருக்குதுங்களே?"

"தசரா பாரு, டை அடிச்சிருப்பாரு. சும்னே இரு."

"வேட்டிக்குமா டை அடிப்பாங்க?"

நானும் எட்டிப் பார்த்தேன். மேசையருகே கண்ணாடியைத் துடைத்தபடி ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். தலையும் தாடியும் மழைமேக நிறம். காதோரங்களில் அதே மேகம் ஒழுகி உறைந்திருந்தது. நெற்றியில் சாம்பல்நிறக் கோடுகள். தோளில், அம்மா அவருக்கென்றே தேவராஜ மார்க்கெட் பக்கமிருந்து வாங்கி வந்த புத்தம்புது வெள்ளைத் துண்டு, யாரோ அதில் ஒரு நகரத்தின் வரைபடம் தீட்டியதுபோல.

அப்பாவின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்தேன்.

"அப்பா," என்றேன், "சோலார் தொட்டிக்குள்ள சுருள் இருக்கு இல்ல?"

"இருக்கும்மா." அப்பா சற்று யோசித்தார். "இருக்கு, ஆனா இல்ல."

"அப்படின்னா?"

"உப்பு அடைச்சு அது எப்பவோ போயாய்த்து. பிளம்பர் புதுசு போடணும்னான். நான்தான், பேடப்பா, புதுசு வேண்டாம், நேரா சேர்த்து விட்டுருன்னேன். ஜோரா ஓடுதே!"

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ அன்னிக்கு ஏதோ கருத்தரங்குக்குப் போயிருந்தே. வெந்நீர் பத்தித்தான்."

வெப்பப் பரிமாற்றத்தை உலகின் வேறு மூலைகளிலெல்லாம் தேடிப் படித்தவள், என் தலைக்கு மேலே அது நின்றுபோனதை அறியாமல் அதே வீட்டில் இரண்டு வருடம் குளித்திருக்கிறேன். பக்கத்து வீடுகளுக்கு நடுவிலிருந்த சுவரை அப்பா எப்போதோ இடித்துவிட்டார். நான் ஊற்றியது முழுவதும் நேரே குளிக்கும் நீருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

மாடிக்கு ஓடி, தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் நீர் பிடித்தேன். அது மாலை வானத்தின் கடைசி நிறத்தில் இருந்தது. இறங்கி வந்து, அதைக் கையில் பிடித்தபடியே கூடத்தில் போய் நின்றேன்.

"சார், ஒரு விஷயம்."

"சொல்லும்மா."

"உங்க தலையில என் ஆய்வு இருக்கு."

"தெரியுமே. மூணு மாசமா அதுதானே என் தலையில ஓடிட்டிருக்கு."

"இல்ல சார். வெளிப்பக்கமா."

அம்மா பளபளவென்ற எவர்சில்வர் தட்டைத் துடைத்து அவர் முன்னால் நிறுத்திப் பிடித்தார். பேராசிரியர் கண்ணாடியை அணிந்துகொண்டு அதில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வெளியே தெருவில் ஒரு பூக்காரரின் குரல் எங்கள் வீட்டைக் கடந்து, அடுத்த வீட்டைக் கடந்து, தெருமுனையில் தேய்ந்தது. என் ஓராண்டு அந்தக் குரலோடு போய்க்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

கடைசியில் அவர் தாடியை இரு விரல்களால் தேய்த்து, விரல்களை முகர்ந்தார்.

"பிசின் என்ன பிசின்?"

"கருவேலம் பிசின், சார்."

"எப்ப ஊத்தினீங்க?"

"நேத்துக் காலையில."

"ராத்திரி பூரா தொட்டியில நின்னுருக்கு. உப்புத் தண்ணியில." என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அடியில் ஒரு பொட்டுகூடப் படியவில்லை. "ம்" என்றார். அந்த ஒற்றை எழுத்தின் பொருளை இன்றுவரை என்னால் முழுமையாக மொழிபெயர்க்க முடியவில்லை. "இந்த டம்ளரை நான் எடுத்துட்டு வரேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார் அம்மா. "இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டுங்களா?"

ஷாம்பூ போட்டுப் பார்த்தோம். எதிர்வீட்டிலிருந்து குடம் குடமாகத் தெளிந்த நீர் கொண்டுவந்தார் அப்பா. நெற்றிக் கோடுகள் போயின. முடி மட்டும் தன் புதிய இளமையை விட்டுக்கொடுக்க மறுத்தது. அப்பா ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நாடு பூரா ஓட்டுப் போடறவங்க விரலுக்கு மை செய்யற ஊரு சார் இது. அவங்க ஒரு விரலுக்குத்தான் வெப்பாங்க, என் பொண்ணு முழுசா வெச்சிட்டா" என்றார். கரி, பிசின், நீர். அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை ஆண்டுகளாக நான் காய்ச்சிக்கொண்டிருந்தது மை.

துறை வாசலில் மேடம் எங்களை வரவேற்றார். பேராசிரியரையும், அறிவிப்புப் பலகையிலிருந்த வெண்தாடிப் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, "ஏனம்மா இது? சாருக்கு ஏனாய்த்து, என்ன ஆச்சு?" என்றார். "ஏழாம் அத்தியாயம், மேடம்" என்றேன்.

அரங்கில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பேராசிரியர் டம்ளரைத் தம்முன் மேசைமேல் வைத்தார். அம்மாவின் பெயர் பொறித்த டம்ளர் அல்ல என்பதே எனக்கிருந்த ஒரே ஆறுதல். பாத்திரக் கடையில் கண்ணாடிக்குப் பெயர் பொறிப்பதில்லை.

"வழக்கமாகத் தேர்வாளர்கள் ஆய்வேட்டைக் கையில் எடுத்து வருவார்கள்" என்று தொடங்கினார். "நான் அதன் ஒரு பகுதியை அணிந்து வந்திருக்கிறேன்."

நடந்தவற்றை எந்த மிகையுமின்றி, ஓர் ஆய்வறிக்கை வாசிப்பதுபோல அவரே சொன்னார். சிரிப்பு முதலில் கடைசி வரிசையில் கிளம்பி, சூடேறிய நீரைப்போல மெல்ல மேலெழுந்து முன்வரிசையை வந்தடைந்தது. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். சிரிப்பு அடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் நேற்றைய அதே சாந்தம்.

"உங்கள் பாய்மம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று காலை நான் குளித்தது ஏறக்குறையப் பச்சைத் தண்ணீர். நேற்று நல்ல வெயில். ஏன் சூடாகவில்லை?"

அவர் அவசரமாகக் குளித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அத்தோடு, எப்படியென்று தெரியவில்லை, விடையும் விளங்கியது. எங்கள் சோலாரில் பம்ப் கிடையாது. சூடான நீர் இலேசாகித் தானே மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும், மூச்சு விடுவதைப் போல மென்மையான சுழற்சி அது. அந்த மூச்சுக்குள் நான் கெட்டியான மையை ஊற்றியிருக்கிறேன்.

"பாகுத்தன்மை, சார்" என்றேன். "கடத்துத்திறன் கூடியது. ஆனால் துகளும் பிசினும் மிகுந்ததால் நீர் கெட்டியாகிவிட்டது. தள்ளிவிடப் பம்ப் இல்லாத இடத்தில் அது பலகையிலேயே தேங்கிவிட்டது. ஊற்றிய வேகத்தில் தொட்டிக்குக் கறுப்பு வந்து சேர்ந்தது, சூடு வந்து சேரவில்லை. ஆய்வகத்தில் நான் எப்போதும் பம்ப் வைத்தே ஓட்டினேன்."

"இது ஏன் ஆய்வேட்டில் இல்லை?"

"இப்போதுதான் கண்டுபிடித்தேன், சார்."

இந்த முறை முதலில் சிரித்தவர் அவர்தான்.

பிறகு டம்ளரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். காலையில் பிடித்த நீர், அடியிலும் மேலும் ஒரே சாம்பல். "துகள்கள் படிந்துவிடும் என்று ஐயப்பட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். தண்ணீரில் அவை நிற்கின்றன. என்னிடம்தான் படிந்தன." பட்டத்துக்குப் பரிந்துரைத்தார், ஒரு நிபந்தனையோடு: பம்ப் இல்லாத சுழற்சியைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அந்தப் பத்தியை நான் ஒரே மூச்சில் எழுதினேன். ஆய்வேட்டிலேயே சிறந்த பகுதி அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள். அது எந்த ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்று மட்டும் அதில் எழுதவில்லை.

அந்த முடி வெளுக்க எவ்வளவு காலமாயிற்று என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு தீபாவளிக் காலையிலும் திருச்சியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும்: "எண்ணெய்க் குளியல் ஆயிற்று. வெள்ளையாகவே வெளிவந்தேன்." எங்கள் வீட்டில் யார் துண்டோடு குளியலறைப் பக்கம் போனாலும், "ஓட்டுப் போடப் போறீங்களா?" என்பார் அப்பா. அம்மா அந்த நகர வரைபடத் துண்டைத் தூக்கி எறியவில்லை. பலகாரச் சட்டி இறக்க வைத்திருக்கிறார். உறவினர் யாராவது கேட்டால், "அது அம்மிணியோட பட்டமுங்க" என்கிறார்.

இப்போது நானும் புறத் தேர்வாளராக ஊர் ஊராய்ப் போகிறேன். தங்கும் அறை எதுவானாலும், விடியலில் முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, என் வெள்ளைக் கைக்குட்டையை அதன்கீழ் நீட்டுவேன். ஆவி மெல்ல எழும்பிக் கண்ணாடியை மூடும். துணி வெள்ளையாகவே நனையும். நிம்மதியோடு அதைப் பிழிந்து காயப்போடும்போது, என் மனத்தின் ஏதோ ஒரு மூலையில் சிறிய ஏமாற்றம் ஒன்று, படியாமல் மிதந்துகொண்டிருக்கும்.